பிரிக்பீல்ட்ஸில் பனி கொட்டிய ஏழு நாட்கள்

சென்ற மாதம் நகரத்துப் பூங்காப் பிரிவிலிருந்து இரண்டு பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற பிரிவு அது. வேலையில் ஏதாவது முடிச்சு விழுந்தால் இப்படி வருவார்கள். என் மருமகள் போடும் தேத்தண்ணியும் அதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும்.

இந்த முறை முடிச்சு சுபாங் ஜெயாவில் இருந்தது. அங்கே ஒரு டாக்டர் கேமரன் மலைக்குப் போய், 'குளிர் தாங்கும் ரகம்' என்று சீட்டுக் கட்டிய அவகாடோ கன்று ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். குளிர் தாங்கும் என்றால் குளிர் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அதை ஏர்கான் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து வளர்க்கிறார். கன்று இலை உதிர்க்கிறது, டாக்டர் பிரிவுக்குத் தினமும் போன் போடுகிறார்.

"அங்கிள், இந்த ரகத்தை நீங்க எப்பவாச்சும் வளர்த்திருக்கீங்களா?" என்று பெரியவன் கேட்டான்.

"வளர்த்திருக்கேன். பனி கொட்டி வளர்த்தேன்."

"எங்க அங்கிள், கேமரன் மலையிலயா?"

"பிரிக்பீல்ட்ஸ்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து என் மருமகளைப் பார்த்தார்கள். வயதானவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பார்வை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டம். பதினாறு வயதில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, ரயில்வேயில் இருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரின் பங்களாவில் தோட்டக்காரனாகச் சேர்ந்தேன். அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்ல ஆரம்பித்தால் நீண்டுவிடும். சுருக்கமாகச் சொன்னால், ஆறு வருடம் துரை கத்தினார், நான் தோண்டினேன்.

துரைக்குப் பழப் பைத்தியம். கப்பலில் வரும் நண்பர்களிடம் சொல்லி விதைகளைத் தருவிப்பார். ஒரு முறை மெக்சிகோ மலைப் பக்கத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. நாவல் பழம் போலக் கறுத்த சிறு பழம் காய்க்கும், உள்ளே வெண்ணெய் இருக்கும், பனி விழுந்தாலும் மரம் சாகாது என்று துரை சொன்னார். பனி என்றால் எனக்குத் தெரிந்தது காலையில் புல்மேல் இருக்கும் ஈரம்தான். அதைத் தாங்குவது என்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மரத்துக்கு உண்மையான எதிரி குளிரோ வெயிலோ இல்லை, காலடியில் தேங்கும் தண்ணீர். பிரிக்பீல்ட்ஸ் மண்ணோ செங்கல் அறுத்த களிமண். மழை பெய்தால் சட்டியில் ஊற்றியது போல அப்படியே நிற்கும். எனவே முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டினோம். மணல், மக்கிய இலை, சுட்ட மண் மூன்றையும் கலந்து, ஆளை மூடுகிற நீளத்துக்கு ஒரு மேடு. அதன் உச்சியில் கன்று. தண்டும் வேரும் சேருகிற இடம் மண்ணுக்குள் போகக்கூடாது. மேலே வைக்கோல் பரப்பலாம், ஆனால் தண்டைத் தொடக்கூடாது. வெயில் சுடாமல் இருக்கத் தண்டில் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். விரலை இரண்டு கணு மண்ணில் விட்டு, ஈரம் இல்லை என்றால் மட்டுமே தண்ணீர். இப்படிப் பன்னிரண்டு மேடுகள், இரண்டு வரிசையாக. தூரத்திலிருந்து பார்த்தால் நேர்த்தியான இடுகாடு போல இருக்கும். சமையல்காரர் பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகமாட்டார்.

ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை ஒரே பெட்டியோடு சிங்கப்பூர் பக்கம் கிளம்பினார். காரில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, "விரலை விட்டுப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றாதே" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

சில வாரத்தில் ஜப்பானியச் சிப்பாய்கள் பங்களாவுக்குள் நுழைந்தார்கள். பன்னிரண்டு மேடுகளையும் பார்த்தார்கள். வெள்ளைக்காரன் துப்பாக்கியைப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு கட்டி, என்னையே தோண்டச் சொன்னார்கள். ஒவ்வொரு மேட்டிலும் வேர்தான் வந்தது. எதிலும் துப்பாக்கி இல்லை என்பது அவர்களுக்குச் சந்தேகத்தை இன்னும் அதிகமாக்கியது. எட்டு மேட்டைத் தோண்டி முடித்து ஒன்பதாவதில் கை வைக்கும்போது, பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. சிப்பாய்கள் நிமிர்ந்து நின்றார்கள். நானும் மண்வெட்டியோடு நிமிர்ந்து நின்றேன்.

அப்படித்தான் மிசுனோ துவான் வந்து சேர்ந்தார், துவான் என்றால் மலாயில் ஐயா. ராணுவ உடுப்பு போட்டிருந்தாலும் அவர் விவசாய அதிகாரி. உடுப்பு அவரைவிட இரண்டு அளவு பெரியது. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பு போய், அதற்குப் பதிலாக நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்தார். இடது பூட்ஸுக்குள் ஒரு மூங்கில் அளவுகோல். எதைப் பார்த்தாலும் முதலில் அளப்பார், பிறகுதான் பேசுவார். அன்று மீதி இருந்த நான்கு கன்றையும் அளந்தார். பிறகு ஒரு இலையைப் பறித்துக் கசக்கி முகர்ந்தார். அந்த ரகத்தின் இலையைக் கசக்கினால் சோம்பு வாசம் வரும், அதுதான் அதன் அடையாளம். மிசுனோ கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் முகர்ந்தார். துரையின் அலமாரியில் இருந்த குறிப்புப் புத்தகத்தை அவர் ஏற்கெனவே படித்துவிட்டுத்தான் தோட்டத்துப் பக்கம் வந்திருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது.

அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் பாசார் மலாய், அதாவது சந்தைக்கடை மலாய். எனக்கும் அதே கொஞ்சம்தான். இரண்டு கொஞ்சத்தையும் சேர்த்துப் பேசிக்கொள்வோம். அவர் ஊர் மலைமேல் இருக்கிறதாம். நான்கு மாதம் ஜன்னல்வரை பனி நிற்குமாம். எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பஞ்சமாம். பனியில் சாகாத வெண்ணெய் மரத்தை அங்கே கொண்டுபோய் நட்டால் ஊரே பிழைத்துவிடும் என்று சொல்லும்போது அவர் குரல் இன்னும் மெல்லியதாகிவிடும்.

அவர் கனவு எனக்கு உயிர் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில்பாதை போடுவதற்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாலாக் செலாத்தானில், பாசாரில், தோட்டங்களில், எங்கே நாலு தமிழன் நின்றாலும் லோரி வந்து நிற்கும். போனவர்கள் யாரிடமிருந்தும் கடிதம் வரவில்லை. எங்கள் பக்கத்து ரயில்வே குடியிருப்பில் இருந்த பாக்கியம் அக்காவின் புருஷனை, தண்டவாளம் மாற்றிவிடும் வேலையில் இருந்தவரை, அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிசுனோ எனக்குச் சிவப்பு முத்திரை குத்திய ஒரு தாள் கொடுத்தார். அதைத் தகரக் குப்பிக்குள் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன். லோரிக்காரர்கள் இரண்டு முறை என்னைப் பிடித்து, தாளைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள். ஏன் சிரித்தார்கள் என்பது ஜப்பான் பாஷை தெரிந்த ஒருவர் பின்னால் படித்துச் சொன்னபோதுதான் புரிந்தது. 'இந்த ஆள் செடியின் ஒரு பாகம். செடியை விட்டுப் பிரிக்கக்கூடாது.'

செடி இருந்தால் நான் இருப்பேன். கணக்கு அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு நடுவில் மிசுனோவுக்கு மேலே இருந்த மேஜர் வந்தார். தடித்த கழுத்து, எப்போதும் வியர்க்கும் முகம். நான்கு கன்றுக்காக ஓர் அதிகாரியும் ஓர் ஆளும் ஒரு பங்களாவும் எதற்கு என்று கேட்டாராம். மரம் பனியைத் தாங்கும் என்று மிசுனோ சொன்னார். அப்படியானால் பனியில் வைத்துக் காட்டு, ஏழு நாள், பாதிக் கன்றாவது உயிரோடு நிற்க வேண்டும் என்று மேஜர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மிசுனோ என்னிடம் வந்து, இங்கே குளிர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அந்த நேரத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். ஐஸ் தெரிந்த ஒரே ஆள் காதர் பாய்தான்.

காதர் பாய் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர். சண்டைக்கு முன்னால் எங்கள் சாலை முனையில் ஐஸ் சீவி, உருட்டி, சிவப்புச் சர்பத் ஊற்றிக் கொடுப்பார். சீனி போனது, ஐஸும் போனது, கடையில் வெறும் பலகை மட்டும் மிஞ்சியது. ஆனாலும் தினமும் கடையைத் திறந்து, ஐஸ் சீவும் பலகையின் கத்திக்கு எண்ணெய் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, செடி எவ்வளவு திங்கும்?"

ஐஸ் கிள்ளானிலிருந்து வந்தது. அங்கே மீனுக்காக ஐஸ் செய்யும் இடத்தில் மிசுனோ முத்திரைத் தாளைக் காட்டி ஏற்பாடு செய்தார். தினமும் இரண்டு கட்டி, மரத்தூளில் புதைத்துச் சாக்கில் சுற்றி, மீன் வரும் ரயில் பெட்டியில் வரும். பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும்போது இரண்டு கட்டி ஒன்றரை ஆகியிருக்கும். மீன் வாசம் மட்டும் குறையாமல் இருக்கும். நான் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது பூனைகள் பின்னால் வரும். மூன்றாம் நாள் பதினோரு பூனை எண்ணினேன்.

வேலை முறையை மிசுனோ தாளில் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். துரையின் புத்தக அலமாரியைப் பிரித்து அடியில்லாத நான்கு பெட்டி செய்தேன். கன்றைச் சுற்றிப் பெட்டியை இறக்கி, உள்பக்கம் வாழைப்பட்டை செருக வேண்டும். காதர் பாய் பலகைமேல் கட்டியை வைத்து இழுப்பார். சரக் சரக்கென்று விழும் தூளை நான் கூடையில் வாங்கி, கன்றின் கழுத்துவரை கொட்டி, இலைமேலும் தூவுவேன். மேலே சாக்கு. உள்ளே வெப்பமானி. மிசுனோ கால் மணிக்கு ஒரு முறை குனிந்து பார்த்து எழுதுவார். இரண்டு மணி நேரம் கழித்துத் தூளை எடுக்க வேண்டும். ஆனால் சாக்கை உடனே எடுக்கக்கூடாது. குளிர்ந்த இலைமேல் திடீரென்று வெயில் பட்டால் வெந்துபோகும். எல்லாம் டோக்கியோ மணியில் நடக்கும். அவர் எட்டு மணி என்று எழுதும்போது எங்கள் சேவல் ஆறரைக்குக் கூவிக்கொண்டிருக்கும்.

முதல் நாள் பிரிக்பீல்ட்ஸே வேலிக்கு வெளியில் நின்றது. செடிக்கு ஐஸ் கொடுக்கிற ராஜ்யம் எத்தனை நாள் ஓடும் என்று யாரோ கேட்டார்கள். பாக்கியம் அக்கா ஒரு வாளியோடு வந்து, உருகி வழிகிற தண்ணீரைத் தனக்குத் தரவேண்டும் என்று சொல்லிவிட்டார். தர முடியாது என்று சொல்லும் தைரியம் எங்கள் மூவருக்கும் இல்லை, மிசுனோவையும் சேர்த்து.

பிரச்சினை வெப்பமானியில் வந்தது. உறைகிற புள்ளிக்கு நாலு கோடு மேலேயே நின்றுவிட்டது. இது பனி இல்லை, இது குளிர்ந்த நாள், மேஜர் ஏற்கமாட்டார் என்று மிசுனோ தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் நாள் காதர் பாய் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உப்பு. ஐஸ்கிரீம் செய்கிறவர்கள் ஐஸில் உப்புப் போட்டால்தான் உறையும், அது அவருக்கு எப்போதோ தெரிந்த வித்தை. ஒன்றாம் நம்பர் பெட்டியிலும் இரண்டாம் நம்பர் பெட்டியிலும் தாராளமாகத் தூவினார். வெப்பமானி இறங்கியது. உறைகிற புள்ளியைத் தாண்டி இன்னும் இறங்கியது. மிசுனோ எழுந்து நின்று காதர் பாய்க்குக் குனிந்து வணங்கினார். பாய் பதிலுக்குக் குனிந்தார். பாய் குனிந்ததால் மிசுனோ இன்னும் தாழக் குனிந்தார். யார் முதலில் நிமிர்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. நான்தான் இருமினேன்.

மறுநாள் காலை ஒன்றாம் நம்பரிலும் இரண்டாம் நம்பரிலும் இலை நுனியெல்லாம் தீயில் காட்டியது போலப் பழுப்பாகியிருந்தது. குளிர் பட்டால் இலை முழுவதும் கறுத்துத் தொங்கும். நுனி மட்டும் கருகினால் அது வேர் குடித்த விஷம். ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கருவாடு மாதிரி இருந்தது. உருகிய உப்புத் தண்ணீர் முழுவதும் மேட்டுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த மரத்துக்கு உப்பு ஆகவே ஆகாது.

என் தொழிலில் அதற்குப் பிறகு எத்தனையோ மரங்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு கன்றோடு போராடியது போல எதோடும் போராடவில்லை. மேட்டின் ஒரு பக்கத்தை வெட்டி வாய்க்கால் விட்டேன். உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் ஊற்றினேன். ஒரு மேட்டுக்கு நாற்பது வாளி. குழாயில் தண்ணீர் வராத நாள், பாக்கியம் அக்கா வீட்டுக் கிணற்றிலிருந்து சுமந்தேன். விரலை விட்டுப் பார்க்காமல் ஊற்றாதே என்று சொன்ன துரை பார்த்திருந்தால் நெஞ்சு வெடித்திருப்பார். கருகிய இலையைக் கிள்ளி, மேல் மண்ணைச் சுரண்டி, புது மணல் போட்டேன். காதர் பாய் பக்கத்தில் நின்று, ஓயாமல் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். நாலாம் நாள் ஒன்றாம் நம்பர் செத்தது. ஐந்தாம் நாள் இரண்டாம் நம்பர். அதற்குள் மூன்றுக்கும் நாலுக்கும் துத்தநாகத் தகட்டில் தட்டு செய்து, உப்பு ஐஸைத் தட்டில் வைத்து, தண்ணீர் வெளியே வடியும்படி மாற்றிவிட்டேன்.

மீதி இரண்டு. பாதி. மேஜர் கேட்டது அதுதான், இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டு ஆறாம் நாள் காலை போய்ப் பார்த்தால், மூன்றாம் நம்பர் தலை தொங்கி நின்றது. ஐஸால் இல்லை. நான் ஊற்றிய எண்பது வாளித் தண்ணீரும் சரிவில் ஓடி மூன்றாவது மேட்டின் அடியில் குளம் கட்டியிருந்தது. வேர் அழுகிவிட்டது. இரண்டைக் காப்பாற்றப் போய் மூன்றாவதையும் நானே கொன்றிருந்தேன்.

மேட்டுமேல் உட்கார்ந்துவிட்டேன். கழுத்துக் குப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். லோரி எங்கேயாவது உறுமுகிறதா என்று காது தானாகவே கேட்டது. மறுநாள் மேஜர் வருகிறார். மிசுனோ ஐஸ் விஷயமாகக் கிள்ளானுக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் திரும்புவார்.

பாக்கியம் அக்கா வாளியோடு வந்தார். என்னையும் பார்த்தார், செடியையும் பார்த்தார்.

"இது மாங்கன்னு மாதிரிதானே இருக்கு?" என்றார்.

"மாதிரிதான் இருக்கு அக்கா. ஆனா மாங்கன்னு இல்ல."

"அந்த மேஜருக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன். அக்கா வாளியைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுலேருந்து ஒரு ஆள் சயாமுக்குப் போனது போதும். எழுந்திரு."

குடியிருப்பின் பின்னால் குப்பையில் முளைத்த மாங்கன்றுகள் பத்துப் பதினைந்து உண்டு. காதர் பாயையும் கூட்டிக்கொண்டு மூவரும் போய்த் தேடினோம். உயரம் இரண்டடி நாலு அங்குலம் இருக்க வேண்டும், மிசுனோவின் தாளில் அப்படித்தான் இருந்தது. இலை பத்தொன்பது. காதர் பாய் ஒரு கன்றுக்கு முன்னால் குந்தி எண்ணினார், இருபத்தாறு. அக்கா எண்ணினார், இருபத்து நாலு. இருவருக்கும் அங்கேயே சண்டை வந்துவிட்டது. நான் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பத்தொன்பதில் நிறுத்தினேன். உச்சி வெயிலில் பழையதைப் பிடுங்கி, மேட்டைத் திருத்தி, மாங்கன்றை நட்டேன். தண்டில் சுண்ணாம்பு அடித்தேன். பூனைகள் சாட்சியாக உட்கார்ந்திருந்தன.

வாசம்தான் மிச்சம். மா இலையைக் கசக்கினால் மாங்காய்தான் மணக்கும். அக்கா வீட்டுக்குப் போய், ஒரு பாட்டிலின் அடியில் கிடந்த சோம்பைக் கொண்டு வந்தார். என்றைக்காவது மீன் கிடைத்தால் குழம்பு வைக்கலாம் என்று ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது. அதை அம்மியில் மையாக அரைத்துத் துணியில் வடிகட்டினார். நான் ஒவ்வொரு இலையின் மேலும் கீழும் தடவினேன். காதர் பாய் முகர்ந்து பார்த்துவிட்டு, பசிக்கிறது என்றார்.

மறுநாள் மேஜர் வந்தார். மூன்றாம் நம்பரும் நாலாம் நம்பரும் கழுத்தளவு ஐஸ் தூளில் நின்றன. மூன்று தளதளவென்று இருந்தது. நாலு பாவம், ஏழு நாள் பட்ட பாட்டில் ஓரமெல்லாம் வாடி, ஆனால் உயிரோடு நின்றது. மிசுனோ வெப்பமானியைக் காட்டினார், தாள்களைக் காட்டினார். பிறகு மூன்றாம் நம்பரில் ஒரு இலையைக் கிள்ளி மேஜரிடம் கொடுத்தார். மேஜர் கசக்கி முகர்ந்தார். நான் குப்பியைப் பிடித்துக்கொண்டேன். மேஜர் இன்னொரு முறை முகர்ந்து, பலமாகத் தும்மி, சரி என்று தலையாட்டினார்.

அதோடு போயிருக்கலாம். ஆனால் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மேஜர் ஐஸ் குவியலைப் பார்த்தபடி நின்றார். அவர் கண் போன இடத்தைக் காதர் பாய் புரிந்துகொண்டார். ஒரு வருடம் எண்ணெய் போட்டுக் காத்திருந்த பலகை அது. பாய் புதுக் கட்டியை வைத்து இழுத்தார், தூளை இரண்டு கையிலும் அள்ளி உருட்டினார். மீன் வாசம் போகப் பாண்டான் இலை போட்டுக் காய்ச்சிய வெல்லப்பாகை எங்கிருந்தோ எடுத்து ஊற்றினார். மேஜர் வாங்கிக்கொண்டார். அளவெடுத்துத் தைத்த உடுப்பும் வாளுமாக நின்று, ஐஸ் உருண்டையை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சினார். பாகு முழங்கைவரை வழிந்தது. இரண்டாவது உருண்டையும் கேட்டார். சிரித்துவிடக்கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

போகும்போது உத்தரவு போட்டார். சோதனை வெற்றி. நன்றாக இருக்கிற கன்றை ஜப்பானுக்கு அனுப்ப வேண்டும். கையால் காட்டினார். மூன்றாம் நம்பர்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, இறங்குவதற்குச் சோறும் இல்லை, மரவள்ளிதான். மூன்றாம் நாள் மிசுனோ மாங்கன்றை வேர் மண்ணோடு எடுத்து, பாசி சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, தானே கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் கை அவ்வளவு பக்குவமாக வேலை செய்தது. ஜன்னல்வரை பனி நிற்கும் ஊரில், அவர் ஊர்க்காரர்கள் சுற்றி நின்று இந்த மாங்கன்றை நடுவதை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. மண்ணில் உட்கார்ந்து, "துவான், இது அந்த மரம் இல்ல. மாமரம்" என்று மலாயில் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கயிறு இறுகும் சத்தம் மட்டும் கேட்டது.

"தாவு" என்றார் மலாயில். தெரியும்.

கிள்ளானுக்குப் போன அன்று காலையில் அவர் மூன்றாம் நம்பரில் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்திருக்கிறார். பிறகு பத்தொன்பதில் பதினெட்டு இலைதான் இருக்க வேண்டும். திரும்பி வந்து எண்ணினால் பத்தொன்பது. செத்துக்கொண்டிருந்த கன்று ஒரே பகலில் இலை விட்டிருக்கிறது, அதுவும் மா இலை. நூல் கட்டிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதலில் என் நெஞ்சில் விரலை வைத்தார், பிறகு தன் நெஞ்சில்.

"அவாக் சயாம்," என்றார். "சாயா பர்மா."

நீ சயாமுக்கு, நான் பர்மாவுக்கு. சோதனை தோற்றால் அவரைப் பர்மாச் சண்டைக்கு அனுப்புவதாக மேஜர் முதல் நாளே சொல்லியிருந்தாராம். பெட்டியைப் பற்றிக் கேட்டேன். இப்போது போகிற கப்பல் எதுவும் ஊர் போய்ச் சேருவதில்லை என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பழம் எப்படி இருக்கும் என்றும் கேட்டேன், அவ்வளவு தைரியம் வந்துவிட்டது. அவர் கயிற்றின் முடிச்சை இறுக்கினார். தான் அதைத் தின்றதே இல்லை என்றார்.

அதன்பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து நாலாம் நம்பரை வைத்தே இரண்டு வருடம் ஓட்டினோம். மாதம் ஒரு அறிக்கை. 'இரண்டாம் கட்டச் சோதனை', 'மூன்றாம் கட்டச் சோதனை' என்று மிசுனோ எழுதுவார். ஐஸ் நின்றுபோன பிறகும் எழுதினார். கன்று மெய்யாகவே வளர்ந்தது. என் தலையைத் தாண்டியது.

சண்டை முடிந்து ஜப்பான்காரர்களை லோரியில் ஏற்றியபோது மிசுனோவும் அதில் இருந்தார். நான் சாலையோரம் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், தலையைச் சிறிது குனிந்தார். நானும் குனிந்தேன். லோரி போய்விட்டது. ஊர் போய்ச் சேர்ந்தாரா, எனக்குத் தெரியாது. பாக்கியம் அக்காவின் புருஷன் சில மாதம் கழித்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்துத்தான், நான் எதிலிருந்து தப்பினேன் என்று எனக்கு விளங்கியது.

எனக்கு நகரத்துப் பூங்காவில் வேலை கிடைத்தது. பங்களாவுக்கு வேறு துரை வந்தார். வேலை முடிந்து நாலாம் நம்பரைப் போய்ப் பார்த்துக்கொள்வேன். இரண்டு வருடம் கழித்து அது காய்த்தது. ஏழே ஏழு காய். மரத்திலேயே பழுக்கும் என்று காத்திருந்தோம், பழுக்கவில்லை. அக்கா நாலு காயை வாங்கிக்கொண்டு போய்க் கூட்டு வைத்தார். வாயில் வைக்க முடியாத கசப்பு. சயாமில் எதை எதையோ தின்றுவிட்டு வந்த அவர் புருஷனே தட்டைத் தள்ளிவிட்டார். பிறகு புதுத் துரையின் மனைவி எங்களைப் பார்த்துச் சிரித்து, பறித்து வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள், சமைக்காதீர்கள் என்று சொன்னார். மீதி மூன்றையும் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், காதர் பாய் கடையில் உட்கார்ந்து அவற்றை அறுத்தோம். கறுத்த தோல், உள்ளே பச்சையும் மஞ்சளுமாக வெண்ணெய். பாய் கொஞ்சம் சீனி தூவினார். ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்தோம். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பும் இல்லை உறைப்பும் இல்லை என்று கரண்டியை வைத்துவிட்டார். பாய் நெடுநேரம் நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"தம்பி," என்றார் கடைசியில், "இதுக்கு நாம மாங்கன்னை அனுப்புனதே நல்லதா போச்சு லா."

என் வாய் நிறையப் பழம் இருந்தது. அக்கா தின்னாமல் வைத்த பங்கையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.